துக்கம் என்று குறித்த எண்பத்து மூன்று வீடுகள்

புத்தாண்டுக் காலையில் தபால்காரரின் சிவப்பு வண்டி ஹொசுமி ரிட்சுகோவின் வாசலில் நின்ற நேரம், மூச்சு ஒன்று இழுத்துவிடும் நேரம்கூட இல்லை. அவள் சன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஐம்பத்து மூன்று வயதுப் பேராசிரியை, நாலு அட்டைக்காகத் திரைக்குப் பின்னால் ஒளிந்து நிற்பது அழகில்லை என்று அவளுக்கே தெரியும். ஆசை வெட்கம் அறியுமா? நின்றாள்.

கணவர் கசுமாசா இறந்து ஒரு வருஷமும் நான்கு மாதமும் ஆகியிருந்தன. போன புத்தாண்டு துக்கப் புத்தாண்டு. துக்க வீட்டுக்கு யாரும் வாழ்த்து அட்டை போடுவதில்லை, துக்க வீட்டாரும் யாருக்கும் போடுவதில்லை. நவம்பரிலேயே சாம்பல் கோடு போட்ட அறிவிப்பு அட்டையை எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். ஒரு வருஷம் கழிந்தால் எல்லாம் பழையபடி வரும். வரவேண்டும். பத்தில் ஒன்பது வரும் என்று உலகத்துக்குச் சொன்னவளே அவள்தான்.

பெட்டியில் ஆறு அட்டைகள் இருந்தன. கண்ணாடிக் கடை ஒன்று, கார் பழுது பார்க்கும் இடம் ஒன்று, வங்கி ஒன்று, அடுக்குமாடி விற்பவன் ஒன்று. மீதி இரண்டில் ஒன்று தங்கையுடையது. இன்னொன்று ஜெர்மனியில் பழைய மாணவி ஒருத்தி, ஊர் வழக்கத்தை மறக்காமல் இருக்கப் பிரயத்தனப்பட்டு எழுதியது. கசுமாசா இருந்தபோது நூற்றுப் பன்னிரண்டு வரும். மீன்வளத் துறையில் வேலை பார்த்த மனிதர், ஆனால் டிசம்பர் வந்தால் தூரிகையும் கையுமாக உட்கார்ந்து நூற்றுப் பன்னிரண்டையும் கையால் எழுதுவார். நான்கு நாள் சமையலறை மேசையில் சோறு வைக்க இடமிருக்காது.

இந்த டிசம்பரில் ரிட்சுகோ அவருடைய முகவரிப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காரத்தான் செய்தாள். நாமே முந்திக்கொண்டு வாழ்த்துப் போட்டால், புருஷன் போன துக்கம் அதற்குள் ஆறிப்போயிற்றா என்று நினைப்பார்களே என்று தோன்றியது. அவர்கள் முதலில் போடட்டும், பதில் எழுதிக்கொள்ளலாம் என்று மூடிவைத்துவிட்டாள்.

ஆறு அட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசலிலேயே நிற்க, பக்கத்து வீட்டு அமகாசு அம்மாள் வெளியே வந்தாள். எழுபதைத் தாண்டியவள், கண் மட்டும் கழுகுக் கண். வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தவள், ரிட்சுகோ கையிலிருந்த கட்டு மெல்லிசாக இருப்பதைப் பார்த்ததும் திறந்த வாயை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அடடா, உங்களுக்கு இன்னும் துக்கம் கழியல இல்ல? மன்னிச்சுக்கங்க. நான் பாட்டுக்கு வாழ்த்துச் சொல்ல வந்துட்டேன் பாருங்க."

"ஆமாங்க," என்றாள் ரிட்சுகோ. "இந்த வருஷமும் அப்படித்தான்."

இருவரும் குனிந்து வணங்கிக்கொண்டார்கள். அமகாசு அம்மாள் உள்ளே போய்விட்டாள். ரிட்சுகோ பனியில் நின்றுகொண்டே இருந்தாள். 'ஆமாங்க' என்ற பொய் நாக்கில் எத்தனை லகுவாக வந்தது. அந்த அம்மாளே ஒரு போர்வையை எடுத்து நீட்டினாள், இவள் வாங்கிப் போர்த்திக்கொண்டாள், அவ்வளவுதான். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இதே போர்வையை அவள் மற்றவர்களுக்கு நீட்டியிருக்கிறாள். ஒருவருக்கு இருவருக்கு அல்ல. அப்படி நீட்டியதன் மேல்தான் அவளுடைய பேராசிரியர் நாற்காலி நிற்கிறது.

அது பதினெட்டு வருஷத்துக்கு முந்தின கதை. அப்போது ரிட்சுகோ மூன்று வருஷ ஒப்பந்தம், இரண்டு வருஷ ஒப்பந்தம் என்று ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த கணிதக்காரி. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்தான் அவள் பாடம். மின்கம்பி, ரயில் பாதை, மூளை நரம்பு, ஊர் வம்பு எல்லாமே அவளுக்கு ஒரே பின்னல். முடிச்சு ஒன்று அறுந்தால் பின்னல் என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், அறுந்த பின்னல் தானாகக் கூடுமா என்று அவள் கேட்டாள். பத்து இழை அறுந்தால் அதில் குறைந்தது ஆறு ஒரு வருஷத்துக்குள் மறுபடி பிடித்துக்கொள்ளும் என்றால், பின்னல் முழுவதும் பிழைத்துக்கொள்ளும், அதற்குக் கீழே போனால் ஓரத்திலிருந்து மெல்லப் பிரிந்துபோகும் என்று நிரூபித்தாள். அழகான நிரூபணம். ஆனால் அப்படிப்பட்ட பின்னல் எங்கே இருக்கிறது, காட்டு என்றார்கள்.

நமிகாவாவில் இருந்தது. கடலோரச் சிற்றூர். அந்த ஊரில் யாரும் பழைய வாழ்த்து அட்டைகளை எறிவதில்லை. வருஷவாரியாக ரப்பர் பட்டை போட்டு அலமாரியில் வைத்திருப்பார்கள். ரிட்சுகோவும் சக ஆய்வாளர் குராமொச்சியும் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள் ஏறி இறங்கினார்கள். யாருக்கு யாரிடமிருந்து, எந்த வருஷம், பதினான்கு வருஷக் கணக்கு. துறையில் எல்லோரும் அவளைத் 'தபால்காரி' என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். "தபால்காரி, எனக்கு ஏதாவது வந்திருக்கா?" என்று மூத்த பேராசிரியர் ஒருவர் தினமும் கேட்பார். கட்டுரை வெளிவந்து, உலகமெல்லாம் எடுத்தாண்ட பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. சாவு விழுந்த வீட்டில் அறுகிற இழைகளில் பத்துக்கு ஒன்பது, துக்க வருஷம் கழிந்ததும் திரும்பிவிடுகின்றன. 'ஓராண்டு விதி' என்று பெயரே வந்துவிட்டது. பரிசு, நாற்காலி, ஆராய்ச்சி மையம், எல்லாம் அதன் பின்னால் வந்தன.

நமிகாவா நகராட்சியும் சும்மா இருக்கவில்லை. துணையை இழந்து தனியாக இருப்பவர்களை நலப் பணியாளர்கள் போய்ப் பார்த்துவருவது வழக்கம். பத்து வருஷமாக அந்த வருகை முதல் நினைவு நாளோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஊரே பார்த்துக்கொள்ளும், பேராசிரியை நிரூபித்திருக்கிறார் என்று தீர்மானத்திலேயே எழுதியிருந்தது. இந்த ஜனவரி பத்தொன்பதாம் தேதி அந்தத் திட்டத்துக்குப் பத்தாண்டு விழா. பக்கத்திலுள்ள பதினேழு நகராட்சிகளும் அன்றே அந்தத் திட்டத்தில் சேரப்போகின்றன. சிறப்புரை ஹொசுமி ரிட்சுகோ.

பல்கலைக்கழகம் நான்காம் தேதிதான் திறந்தது. மூன்று நாளும் அவள் பண்டிகைச் சோறு எதையும் தொடவில்லை. கதவு திறந்ததும் நேராகப் போய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய குறிப்பேடுகளை இறக்கினாள்.

சாவு விழுந்த வீடுகள் நூற்று அறுபத்து மூன்று. துக்கப் புத்தாண்டில் கட்டங்கள் எல்லாம் காலி, அது வழக்கம், அதில் தப்பில்லை. அதற்கு அடுத்த புத்தாண்டுக் கட்டத்தில்தான் பார்க்கவேண்டும். தொண்ணூற்று நான்கு வீடுகளில் அந்தக் கட்டத்திலும் 'துக்கம்' என்று சின்ன எழுத்தில் குறித்திருந்தது. துக்கம் என்று குறித்தால் அது அறுந்ததாகக் கணக்கில்லை, பழைய வருஷத்து இழைகளை அப்படியே நிரப்பவேண்டும் என்பது அவளே வகுத்த விதி. சாவுத் தேதிகளை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். இன்னொரு சாவு விழுந்து, அந்தப் புத்தாண்டிலும் உண்மையாகவே துக்கம் நீடித்த வீடுகள் பதினொன்று. எண்பத்து மூன்று வீடுகளில் துக்கம் கழிந்து மாதக்கணக்காகியிருந்தது.

அவளுக்கு ஒரு வீடு நினைவுக்கு வந்தது. வலை காயப்போட்ட சந்தில், கணவனை இழந்த ஒரு அம்மாள். ஒவ்வொரு வருஷத்து அட்டைக் கட்டையும் எடுத்து மேசையில் வைத்துக்கொண்டே வந்தவள், கடைசிக் கட்டை வைக்கும்போது கையை அதன்மேலேயே வைத்திருந்தாள். மூன்றே அட்டை. முப்பத்தைந்து வயது ரிட்சுகோவுக்கு அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஓ, அப்பவும் துக்கம் கழியலியா? மன்னிச்சுக்கங்க, தொந்தரவு பண்ணிட்டேன்" என்றாள். "ஆமாம்மா, கழியல" என்றாள் அந்த அம்மாள். முகம் தெளிந்து, எழுந்து போய் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டு வந்தாள். ஒரு சங்கடத்தை நாசூக்காகக் கடந்துவிட்ட திருப்தியில் இருவரும் அதைத் தின்றார்கள். வெளிநாட்டுக்காரன் யாராவது கணக்கெடுக்கப் போயிருந்தால், ஏன் மூன்றுதான் என்று பச்சையாகக் கேட்டிருப்பான். அந்த அம்மாள் அழுதிருப்பாள். கணக்கு மட்டும் சரியாக இருந்திருக்கும்.

அட்டைகளின் உண்மையான எண்ணிக்கையை அவள் ஓரத்தில் பென்சிலால் போட்டே வைத்திருந்தாள். மூன்று. நான்கு. ஒன்று. மூன்று. குராமொச்சியின் கையெழுத்திலும் அப்படியேதான். இருவரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. ஒரே மாதிரி வளர்க்கப்பட்டவர்கள், ஒரே மாதிரி மரியாதை காட்டி, ஒரே மாதிரி பொய் எழுதியிருக்கிறார்கள்.

பென்சில் எண்களை வைத்துக் கூட்டிப் பார்த்தாள். பத்துக்கு ஒன்பது அல்ல. பத்துக்கு நான்கு. அவளுடைய நிரூபணத்தில் ஒரு வரிகூடத் தப்பில்லை. அந்த நிரூபணத்தின்படியே நமிகாவா பிரிந்துபோகிற ஊர்.

குராமொச்சி இப்போது மையத்தின் இயக்குநர். அவள் குறிப்பேட்டைக் கொண்டுபோய் மேசையில் விரித்தபோது அவர் பக்கங்களைப் புரட்டினார். தன்னுடைய இளவயதுக் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்தக் காலத்துல யாரு அட்டை போடுறா? எம் பையனே போன்லதான் பொம்மை அனுப்புறான். உன் பெட்டியில ஆறு வந்துச்சுன்னா அதுக்கு இவ்ளோ யோசனையா?"

"நான் என் பெட்டியைப் பத்திச் சொல்லல. அப்ப எல்லாரும் போட்டாங்க. அப்பவே வரல. நாமதான் வந்ததா எழுதினோம்."

"சரி. திருத்தம் போடுவோம். நாலு வரி, பத்திரிகையோட கடைசிப் பக்கத்துல. முறைப்படி ஆயிடும்."

"நமிகாவா நகராட்சியில யாரு அந்தப் பத்திரிகையைப் படிக்கிறா, குராமொச்சி-சான்?"

அவர் எழுந்து சன்னல் பக்கம் போனார். "மார்ச்சோட நாலு பேருக்கு ஒப்பந்தம் முடியுது. மையத்துக்கு மறுபடி உத்தரவு வந்தாத்தான் அவங்களுக்குச் சோறு. அதுல ஒருத்திக்குக் கைக்குழந்தை. உனக்கு நாற்காலி கிடைச்சாச்சு, இன்னும் பன்னிரண்டு வருஷம் யாரும் அசைக்க முடியாது. நியாயம் பேசறது உனக்குச் சுலபம்."

அது நெஞ்சில் தைத்தது, ஏனென்றால் அது உண்மை. தானும் அதே ஒப்பந்தங்களில் கிடந்து வெந்தவள்தான்.

"விழா முடியட்டும்," என்றார் அவர் குரலைத் தாழ்த்தி. "ஏப்ரல்ல சொல்லிக்கலாம். பதினெட்டு வருஷம் பொறுத்தாச்சு, மூணு மாசத்துல என்ன முழுகிடப் போவுது?"

"பதினேழு ஊர் கையெழுத்துப் போடும்."

"போட்டா என்ன, மறுபடி மாத்திக்குவாங்க."

"நீங்க அரசாங்க உத்தரவு மாறிப் பாத்திருக்கீங்களா?"

அவர் சன்னலிலிருந்து திரும்பி வந்தார். குறிப்பேட்டை மூடி அவள் பக்கம் தள்ளினார். அந்தத் தள்ளலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது.

பத்தொன்பதாம் தேதிவரை ரிட்சுகோ முடிவெடுத்துவிட்டாள் என்று சொன்னால் அது பொய். தினமும் காலையில் ஒரு உரை எழுதினாள், மாலையில் வேறொன்று எழுதினாள். ரயிலில் போகும்போது பையில் இரண்டும் இருந்தன.

நமிகாவா நகராட்சி மண்டபத்தில் மடக்கு நாற்காலிகள் நிறைந்திருந்தன. முன்வரிசையில் நகரத் தலைவர், பதினேழு ஊர் அதிகாரிகள், ஓரத்தில் குராமொச்சி. பின்வரிசைகளில் நலப் பணியாளர்கள், எல்லோரும் சம்பளமில்லாமல் உழைக்கும் உள்ளூர்வாசிகள், மழைச்சட்டையை மடியில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கையில் குறிப்பெடுக்கப் பென்சில் இருந்தது. ரிட்சுகோ அந்தப் பென்சில்களைப் பார்த்தாள். தான் சொல்வதை இவர்கள் எழுதிக்கொள்வார்கள், எழுதிக்கொண்டபடியே செய்வார்கள். பையிலிருந்து எந்தக் காகிதத்தையும் எடுக்காமல் பேச ஆரம்பித்தாள்.

"ஓராண்டு விதின்னு ஒண்ணு கிடையாதுங்க. நான் தப்பா எழுதிட்டேன்."

இருபது நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். எண்பத்து மூன்று வீடுகள், அங்கே கேட்கக் கூசிய கேள்வி, பத்துக்கு நான்கு. தன் வாசலில் தான் சொன்ன பொய்யையும் சொன்னாள். "துக்கத்துல இருக்கிறவங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நாம எல்லாரும் ஒதுங்கி நிக்கிறோம். அவங்களும் நம்மளைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு ஒதுங்கி நிக்கிறாங்க. ஒரு வருஷம் கழிச்சு யாரு முதல்ல பேசுறதுன்னு யாருக்கும் தெரியல. அதோட அறுந்துபோவுது. என் பேச்சைக் கேட்டு நீங்க அந்த வீடுகளுக்குப் போறதை நிறுத்தியிருந்தா, அந்தப் பாவம் என்னுது. தயவுசெஞ்சு மறுபடி போங்க." அவள் குனிந்து வணங்கினாள். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. நகரத் தலைவர் எழுந்து, மிகவும் ஆழமான உரை, சிந்திக்கவேண்டிய உரை என்று நன்றி சொல்லி, தேநீருக்கு அழைத்தார். கையெழுத்து நிகழ்ச்சி சில காரணங்களால் ஒத்திவைக்கப்படுகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். குராமொச்சி நிகழ்ச்சி நிரலையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு அவளுக்காகக் காத்திராமல் முந்தின ரயிலில் கிளம்பிவிட்டார். மார்ச்சில் மையம் மூடப்பட்டது. நான்கு பேரும் வேறு ஊர்களுக்குப் போனார்கள், கைக்குழந்தைக்காரியும்தான். அதில் ஒருவர்கூட ரிட்சுகோவிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. அவர்களைக் குறைசொல்ல அவளுக்கு வாயில்லை.

அன்று தேநீர் மேசைப் பக்கம் அவள் தனியாக நின்றபோது, பின்வரிசைக்காரர் ஒருவர் வந்து நின்றார். சைக்கிள் கடை வைத்திருந்தவராம், சகாகுரா என்று பேர், அறுபத்தெட்டு வயது, காது மடல் குளிரில் சிவந்திருந்தது.

"டீச்சரம்மா, எனக்குக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனா வருஷம் முடிஞ்சப்புறமும் போய்க்கிட்டு இருந்தேன். அப்படிப் போகாதீங்க, அது அவங்களைத் தன் கால்ல நிக்கவிடாமப் பண்ணும்னு ஆபீஸ்ல ஒரு தாளைக் காட்டினாங்க. உங்க பேரு போட்டிருந்துச்சு. படிச்சவங்க சொல்றாங்கன்னு நிறுத்திட்டேன். மூணு வீடு." கோப்பையை மேசையில் வைத்தார். "ரெண்டு வீட்டுக்கு இன்னும் போகலாம்."

மூன்றாவது வீட்டைப் பற்றி அவர் சொல்லவில்லை. அவள் கேட்டாள். இனி கேட்காமல் இருக்க அவளால் முடியாது.

"போய்ச் சேர்ந்து பதினோரு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது," என்றார் சகாகுரா. "கோடைக்காலம்."

ரிட்சுகோ மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள், மண்டபத்தில் அத்தனை பேர் நடுவில், மறைக்காமல் அழுதாள். சகாகுரா தேற்றவில்லை, போகவுமில்லை. அழுது முடியும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"இப்பவே போலாமா?" என்றாள்.

உசுகி என்ற முதியவரின் வீடு படகுத்துறைக்கு மேலே இருந்தது. மனைவி போய் மூன்று வருஷம். சகாகுரா மணியை அழுத்தி, கதவைத் தட்டி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, மறுபடி தட்டியபின் உள்ளே செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது. கதவு பாதி திறந்தது. நரைத்த புருவத்துக்குக் கீழிருந்து இருவரையும், ரிட்சுகோவின் கறுப்புக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு செத்தது?" என்றார்.

"யாரும் இல்லண்ணே. சும்மா பாக்க வந்தோம்," என்றார் சகாகுரா.

"சும்மாவா." உசுகி அந்தச் சொல்லை நம்பாமல் திருப்பிச் சொன்னார். ஆனால் கதவை முழுதாகத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

அடியில் கணப்பு வைத்த தாழ்ந்த மேசையைச் சுற்றி, மூவரும் அதனடியில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். பேச்சு வானிலை, படகு, முழங்கால் வலி என்று சுற்றி வந்து ஓய்ந்தது. ரிட்சுகோவிடம் ஒரு கேள்வி மீதி இருந்தது. இதைவிடப் பெரிய மரியாதைக்கேடு இந்த ஊரில் கிடையாது. இருந்தும் கேட்டாள்.

"இந்த வருஷம் வாழ்த்து அட்டை எத்தனை வந்துதுங்க?"

சகாகுரா தலையைக் குனிந்துகொண்டார். முதியவர் அவளை உற்றுப் பார்த்தார். கோபப்படுவார் என்று அவள் நினைத்தாள்.

"ஒண்ணு," என்றார் உசுகி. "அதுவும் அவ பேருக்கு. கிமோனோ கடைக்காரன். அவ செத்தது அவனுக்குத் தெரியாது." சற்றுப் பொறுத்து, "நானும் சொல்லல. சொன்னா அதுவும் நின்னுபோயிடும்ல," என்றார்.

ரிட்சுகோ பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துத் தேதியையும் அவர் பேரையும் எழுதினாள். எண் எழுதவேண்டிய இடத்தில் பென்சில் நின்றது.

"அதை எத்தனைன்னு போடுவே?" என்று கேட்டார் முதியவர்.

"பூஜ்யம்னு போடணுங்க."

அவர் எட்டிப் பார்த்தார். அவள் வட்டத்தை முழுதாகப் போட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்லத் தலையை ஆட்டினார்.

"அதான் சரி," என்றார். "இத்தனை வருஷத்துல யாரும் கேக்கல."